சிபாரிசு செய்யப்படவில்லை

யார் வீட்டுக்குப் போனாலும் முதலில் நலம் விசாரிப்பது என் வழக்கம். வருவாய் ஆய்வாளன் என்றால் வாசலிலேயே அதட்டுவான் என்று இந்தப் பக்கத்துச் சனங்களுக்கு ஒரு நினைப்பு. இந்தச் சோலைராஜ் அப்படிப்பட்டவன் இல்லை என்று நாகலாபுரம் வட்டாரத்தில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். பதினோரு வருட சர்வீசில் ஒரு மனுதாரரையும் நான் வா, போ என்று பேசியதில்லை. விசாரணை அதிகாரியான தாங்கள் இதையும் குறித்துக்கொள்ள வேண்டும்.

உழைக்க முடியாத ஊனமுற்றவர்களுக்கு மாதாமாதம் உதவித்தொகை வருகிறது. மனு போட்டவர்களை நேரில் பார்த்து அறிக்கை எழுதுவது என் வேலை. கை இல்லாதவன், கால் இல்லாதவன், கண் தெரியாதவன் மேல் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. பார்த்ததும் எழுதிவிடலாம். எனக்குச் சலித்துப்போனது சாகப்போகிறவர்களைத்தான். ஆளுக்கொரு ஆஸ்பத்திரிச் சீட்டை மஞ்சள் பையில் சுருட்டிக்கொண்டு வந்துவிடுவார்கள். கையும் காலும் முழுசாக இருக்கும். கூடிப்போனால் நாலு மாதம் இருப்பார்கள். அதற்குள் மனு, விசாரணை, உத்தரவு, மணியார்டர். செத்த பிறகு அத்தனையையும் ரத்து செய்ய மறுபடியும் காகிதம். சாகிறவனுக்கு அடுத்தவன் வேலையைப் பற்றி என்ன கவலை?

ஆகவே ஒரு வழி வைத்திருந்தேன். கரிசல்காட்டுச் சம்சாரி, வீட்டுக்கு ஆபீசர் வருகிறார் என்றால் அழுக்கு வேட்டியோடு நிற்கமாட்டான். குளித்து, சட்டை போட்டு, பக்கத்து வீட்டு நாற்காலியை இரவல் வாங்கிப் போட்டிருப்பான். வந்தவர் நலம் கேட்டால் நல்லாயிருக்கேன் என்றுதான் சொல்லுவான். வாசலேறி வந்தவரிடம் நோயைச் சொல்வது அவனுக்கு மரியாதைக் குறைச்சல். உயிர் போகிற காலத்திலும் இந்த வீம்பு போகாது. நான் கேட்பேன், அவன் சொல்லுவான், அதையே எழுதி அடியில் கைநாட்டு வாங்கிவிடுவேன். பொய்யாக ஓர் எழுத்துகூட நான் எழுதியதில்லை.

தங்கச்சாமியிடமும் அதைத்தான் கேட்டேன். எண்பத்திரண்டாம் வருஷம் சித்திரையில். அவருக்கு வயிற்றில் புற்று. மதுரையில் பார்த்துவிட்டு, வீட்டுக்குக் கூட்டிப்போகச் சொல்லிவிட்டார்கள். முகம் வழித்து, வெள்ளைச் சட்டை போட்டு, சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்றார். சட்டைக்குள் ஆள் இருப்பதே தெரியவில்லை.

"நல்லா இருக்கீயளா?" என்றேன்.

"நல்லாயிருக்கேன் அய்யா. அய்யா வீட்ல எல்லாரும் சொகமா இருக்காவளா?"

கதவோரம் நின்ற அவர் மனைவி பெத்தம்மாளுக்குப் பொறுக்கவில்லை. "உள்ளதச் சொல்லுங்களேன். ராத்திரி முச்சூடும் சுருண்டு கெடந்திய. இப்பம் நல்லாயிருக்கேங்குதிய."

"சும்மா கெட ஏட்டி. வந்தவியளுக்கு மோர் கொண்டா."

மோர் நன்றாகத்தான் இருந்தது. நான் எழுதிக்கொண்டிருக்கும்போது அவராகவே சொன்னார். "எனக்குன்னு ஒண்ணும் வேண்டாம்யா. இவ விடியுமுன்ன தீப்பெட்டி ஆபீசு பஸ்ஸுல போனா பொழுதடைஞ்சுதான் வாரா. அந்தத் தொக வந்துட்டா எங்கூடயே இருப்பா. உசுரு போற நேரத்துல வாயில ஒரு சொட்டு பால் ஊத்த ஆள் வேணும்லா."

எனக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டேன். பால் ஊற்ற ஆள் வேண்டுமாம், அதற்கு அரசாங்கம் படியளக்க வேண்டுமாம். மனுதாரர் எழுந்து நிற்கிறார், நலமாக இருப்பதாகத் தாமே தெரிவித்தார், மனைவி வேலைக்குப் போகிறார், சிபாரிசு செய்யப்படவில்லை என்று எழுதினேன். என்ன எழுதியிருக்கிறது என்று அவர் கேட்கவில்லை. பெருவிரலை நீட்டினார், பிறகு கும்பிட்டு வழியனுப்பினார்.

பெத்தம்மாள் லேசுப்பட்டவள் இல்லை. வேலைக்கு மட்டம் போட்டுவிட்டுத் திருநெல்வேலிக்குப் போய்க் கலெக்டர் காலில் விழுந்திருக்கிறாள். டாக்டர் சீட்டைப் பார்த்து அவர் உதவித்தொகை வழங்கச் சொல்லிவிட்டார். உத்தரவை நேரில் கொடுக்கும்படி என்னிடம் அனுப்பினார்கள்.

அது பத்தொன்பது நாள் என் பையில் ஏன் இருந்தது என்பதுதானே தங்கள் கேள்வி? மறந்துவிட்டேன் என்று சொன்னால் ஓர் எச்சரிக்கையோடு விட்டுவிடுவீர்கள். நான் மறக்கவில்லை. அதைக் கொடுத்தால் என் அறிக்கை தப்பு என்று ஆகும். அதே மாதிரி நான் எழுதிய மற்ற நாற்பத்தொரு அறிக்கைகளையும் யாராவது தூசி தட்டி எடுப்பார்கள். அந்த நாற்பத்தொரு பேரில் ஒருவர்கூட இப்போது உயிரோடு இல்லை. தங்கச்சாமியும் ரொம்ப நாள் தாங்கமாட்டார் என்பது வெள்ளைச் சட்டையில் பார்த்த அன்றே எனக்குத் தெரியும். கொஞ்சம் பொறுத்திருந்தால் போதும் என்று இருந்தேன்.

மூன்று நாளைக்கு ஒரு தடவை சைக்கிளில் போய் எட்டிப் பார்த்துவிட்டு வந்தேன். கடைசியாகப் போனது ஒரு மத்தியானம். ஊரில் பாதிப்பேர் தீப்பெட்டி ஆபீசுக்கும் மீதிப்பேர் விறகு எரிக்கிற கரிமூட்டத்துக்கும் போயிருந்தார்கள். கதவு ஒருக்களித்துச் சாத்தியிருந்தது. கட்டிலில் கிடந்தவர் என்னைப் பார்த்ததும் எழுந்திருக்கப் பார்த்தார், முடியவில்லை. இரவல் நாற்காலியைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள் போலிருக்கிறது. உரலில் உட்கார்ந்தேன்.

தலைமாட்டில் டம்ளரில் பால் மூடி வைத்திருந்தது. அவர் அதைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். என்ன கேட்கிறார் என்று எனக்குப் புரிந்தது. ஆனால் அது உறவுமுறைக்காரர்கள் செய்கிற காரியம். அரசு ஊழியன் செய்தால் நாலு பேர் நாலு விதமாகப் பேசுவார்கள். உத்தரவு என் மடியில் பைக்குள் இருந்தது. எடுத்து வாசித்திருந்தால் அவர் காதில் விழுந்திருக்கும். வாசிக்கவில்லை. ஒரு மணி நேரத்துக்கும் கொஞ்சம் கூடவே ஆயிற்று. மூச்சு நின்றதும் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டேன். மனுதாரர் இறந்துவிட்டதால் உத்தரவு திருப்பி அனுப்பப்படுகிறது என்று அங்கேயே எழுதி முடித்துவிட்டுக் கிளம்பினேன்.

மேலே சொன்ன எல்லாவற்றையும் ஒப்புக்கொள்கிறேன். சாகும்போது பக்கத்தில் ஒருவரும் இல்லை என்று பெத்தம்மாள் தன் புகாரில் எழுதியிருக்கிறாள். அதை மட்டும் மறுக்கிறேன். கடைசிவரை நான் கூடவே இருந்தேன்.