வலது கைக்கு எத்தனை சதமானம்

பாஸ்கலுக்குச் சட்டைப் பித்தான் போட்டுவிடுவது எனக்கு மிகவும் பிடித்த வேலை. கீழிருந்து தொடங்கி மேலே போவேன். கழுத்துப் பித்தானுக்கு வரும்போது அவர் தாடையைத் தூக்கிக் காட்டுவார், சின்னப் பிள்ளை மாதிரி. எங்களுக்குக் கல்யாணமாகிப் பதினாறு வருடம். இந்த ஒன்றரை வருடமாகத்தான் அந்த வேலை எனக்குக் கிடைத்திருக்கிறது.

நீங்கள் கேட்டது அதுவல்ல, ரிஞ்சு மேடம். எலும்பு ஒழுங்காகத்தான் கூடியிருக்கிறது, பிறகு ஏன் ஒரு விரல்கூட மடங்கவில்லை என்று கேட்டீர்கள். அது தெரிந்தால்தான் பெரிய டாக்டர் ஆபரேஷன் செய்வதா வேண்டாமா என்று முடிவு செய்வார் என்றீர்கள். அவரை வெளியே பெஞ்சில் உட்காரவைத்துவிட்டு என்னைத் தனியாகக் கூப்பிட்டது நல்லதுதான். சொல்கிறேன். ஒளிக்க ஒன்றுமில்லை.

அவர் கஞ்சிக்கோட்டில் ஓர் இரும்புக் கம்பெனியில் வெல்டராக இருந்தார். பதினோரு வருடம். மாதத்துக்கு ஒருமுறை, சில சமயம் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை ஆனைக்கரைக்கு வருவார். நான் இங்கே ஏலத்தோட்டத்தில் காயெடுக்கப் போவேன். பிள்ளைகள் இல்லை. அவர் வருகிற சனிக்கிழமை மத்தி மீன் வாங்குவேன். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் அவர் பஸ் ஏறிவிடுவார். எங்கள் குடும்ப வாழ்க்கை அவ்வளவுதான். குறையாகச் சொல்லவில்லை.

கம்பத்தில் ஒரு கல்யாணத்துக்குப் போய்த் திரும்பும்போது கம்பம்மெட்டு வளைவில் ஜீப் கவிழ்ந்தது. மற்றவர்களுக்குச் சிராய்ப்பு. இவருக்கு வலது முன்கை முறிந்தது. உள்ளே பிளேட் வைத்துத் தைத்து, மேலே ஒரு பட்டையும் மாட்டினார்கள். வீட்டுக்கு அனுப்புகிற அன்று அவரை எக்ஸ்ரேக்குக் கூட்டிப் போயிருந்தார்கள். நீங்கள் இதே பிசியோதெரபி அறையில் என்னிடம் ஒரு காகிதம் கொடுத்தீர்கள். விரல் மடக்குகிற படங்கள் போட்டிருந்தன.

"பைஸ்டாண்டர் சேச்சிதானே? பட்டை உறங்கும்போ மட்டும் மதி, மூணு ஆழ்ச்ச. பகல்ல ஆறு தடவை விரல் மடக்கணும். இல்லேன்னா பிடிச்சுக்கும், பின்ன ஒண்ணும் செய்ய முடியாது" என்றீர்கள்.

எனக்கு நன்றாகவே புரிந்தது. பைஸ்டாண்டர் என்றால் நோயாளிக்குத் துணைக்கு நிற்கிற ஆள். தூங்கும்போது மட்டும் பட்டை, மூன்று வாரம். வீட்டுக்குப் போனதும் அவரிடம் அப்படியே சொல்ல வேண்டும் என்றுதான் நினைத்திருந்தேன். அவர் அசந்து தூங்கிவிட்டார்.

மறுநாள், விபத்து வழக்கை எடுத்திருந்த வக்கீலின் குமஸ்தா பினு வந்தான். நல்ல பையன். ஒரு தப்பான யோசனையும் அவன் சொல்லவில்லை. விளக்கினான், அவ்வளவுதான்.

"சேச்சி, நஷ்டபரிஹாரம்னா சும்மா தூக்கித் தர்ற காசில்ல. போர்டு டாக்டர் எத்தனை சதமானம் ஊனம்னு எழுதுறாரோ, அதுலேருந்துதான் மிச்சக் கணக்கு. வயசு, சம்பளம், செஞ்ச தொழில் எல்லாம் அதோட சேரும். வெல்டருக்கு வலது கை போனா, பின்ன அந்தப் பணிக்குப் போக ஒக்காது இல்லே?"

சதமானம் என்றால் எங்கள் தமிழில் சதவீதம். ஒவ்வொன்றுக்கும் தனித் தலைப்பு உண்டாம். வலிக்கு ஒன்று, ஆஸ்பத்திரியில் கூட இருந்தவருக்கு ஒன்று, போன சம்பளத்துக்கு ஒன்று, இனி அனுபவிக்க முடியாத சந்தோஷங்களுக்கு ஒன்று.

"பொண்டாட்டிக்குன்னு தனியா ஒண்ணும் இல்லையா தம்பி?" என்று கேட்டேன்.

"உண்டு சேச்சி. புருஷன் கூட இல்லாமப் போன விஷமத்துக்கு. பக்ஷே அது ஆளு மரிச்ச கேஸ்லதான்."

விஷமம் என்றால் உங்கள் மலையாளத்தில் துயரம். ஆள் உயிரோடு கஞ்சிக்கோட்டில் இருந்தால் அதற்குத் தலைப்பே கிடையாது என்று அன்று தெரிந்துகொண்டேன்.

அவன் போன பிறகும் நஷ்டபரிஹாரம் என்ற சொல் மனதில் கிடந்தது. எங்கள் கோயிலில் பாவசங்கீர்த்தனத்தில் பாவங்களைச் சொல்லி முடித்ததும் சாமியார் கொடுப்பதுதான் பரிகாரம். ஐந்து முறை மரியாயே ஜெபம், சில சமயம் பத்து. அது தப்புச் செய்தவர் செய்ய வேண்டியது. இழந்தவருக்குக் கிடைப்பதற்கும் அதே பெயர்தான் என்றால், இரண்டுக்கும் பெரிய தூரம் இருக்காது என்று எடுத்துக்கொண்டேன்.

மாலையில் அவருக்குக் கஞ்சி ஊட்டும்போது சொன்னேன்.

"அந்தப் பொண்ணு என்ன சொல்லுச்சுன்னா, பட்டைய ஆறு மாசத்துக்குக் கழட்டக் கூடாதாம். விரலை அசைச்சா உள்ள இருக்க பிளேட்டு விலகிருமாம்."

"ஆறு மாசமா? குளிக்கையில?"

"நான் குளிப்பாட்டுதேன்."

அவர் சிரித்தார். "ஏட்டி கத்தரி, கல்யாணம் முடிஞ்ச புதுசுலகூட நீ என்னை இப்படிக் கவனிக்கலையே."

"அப்ப உங்களுக்கு ரெண்டு கையும் இருந்துச்சு. ஒரு நேரம் சும்மா இருந்துச்சா?"

கத்தரீனாள் என்று முழுப்பெயர் சொல்லி அவர் என்னைக் கூப்பிட்டதே இல்லை. அந்த நாட்களைப் பற்றி எவ்வளவு வேண்டுமானாலும் சொல்வேன், மேடம். சவரம் செய்துவிடுவேன். தலை துவட்டிவிடுவேன். பதினோரு வருடம் பேசாத பேச்சையெல்லாம் பேசினோம். கஞ்சிக்கோட்டு உலைச் சூட்டைப் பற்றிச் சொல்வார், அறையில் கூட இருந்த பீகார் பையன்களின் பாட்டைப் பாடிக் காட்டுவார். அங்கே மெஸ் நடத்தும் டின்சி அவருக்கு மட்டும் மீன் வறுவல் இரண்டாக வைப்பாளாம். நானும் சேர்ந்து சிரித்தேன். அதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை.

மறுபரிசோதனைக்கு வரச்சொல்லி நீங்கள் இரண்டு முறை போன் செய்தீர்கள். நீங்கள் வைத்திருந்த நம்பர் என்னுடையது. கம்பத்தில் காட்டுகிறோம், விரல்கள் நன்றாக மடங்குகின்றன என்றேன். நீங்கள் சந்தோஷப்பட்டீர்கள். அதற்காக மட்டும் உங்களிடம் வருத்தம் தெரிவித்துக்கொள்கிறேன்.

நான்காம் மாதம் ஒருநாள் மழை வலுத்ததால் மத்தியானமே தோட்டத்திலிருந்து வந்துவிட்டேன். அவர் பட்டையைக் கழற்றிக் கட்டிலில் போட்டுவிட்டு உட்கார்ந்திருந்தார். முகமெல்லாம் சிரிப்பு.

"இங்க வா. சத்தம் போடாத, சும்மா பாரு."

கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் மெல்ல நகர்ந்து வந்து, நுனியோடு நுனி தொட்டன. அவருக்கு வியர்த்துவிட்டது.

"தொடுது பாத்தியா? வலிக்கத்தான் செய்யுது. ஆனா தொடுது. இன்னும் ஒரு மாசத்துல என் சட்டைய நானே போட்டுக்குவேன், நீ நிம்மதியா வேலைக்குப் போகலாம்."

நான் அழுதுவிட்டேன். சந்தோஷத்தில் அழுகிறேன் என்று நினைத்து அவர் இடது கையால் என் தலையைத் தடவினார். அந்த வலிதான் பிளேட் விலகுகிற வலி என்று சொன்னேன். இனி ஒருமுறை கழற்றினால் கையையே எடுக்க வேண்டி வரும் என்றும் சொன்னேன். பட்டையை மாட்டி, முன்பு இருந்ததைவிடக் கொஞ்சம் இறுக்கமாகக் கட்டினேன். மறுநாளிலிருந்து விரல்களுக்கு மேல் ஒரு துணியும் சுற்றினேன். வீங்கியது. வீக்கத்தில் அவர் முனகினால் எனக்குத் தாங்காது. தேங்காயெண்ணெய் தடவி, ஊதி ஊதி விடுவேன். அவரை ஒரு நாளும் நான் வலியோடு தனியாக விட்டதில்லை.

ஒன்பதாம் மாதம் மெடிக்கல் போர்டு. மூன்று டாக்டர்கள். வயதானவர் பாஸ்கலின் கையைப் பிடித்து ஒவ்வொரு விரலாக மடக்கிப் பார்த்தார். எதுவும் அசையவில்லை.

"பிசியோதெரபி ஒண்ணும் செய்தில்லே?"

"அசைக்கவே கூடாதுன்னு சொன்னாங்களே சார்."

"அசைக்கக் கூடாதுன்னா? ஆரு பறஞ்சது?"

பாஸ்கல் என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன்.

"என் சோம்பேறித்தனம் சார்" என்றார் பாஸ்கல். "விட்டுட்டேன்."

டாக்டர் தலையை ஆட்டிக்கொண்டே எழுதினார். நாற்பத்திரண்டு சதமானம்.

திரும்பும் பஸ்ஸில் வெகுநேரம் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு வந்தவர், குனிந்து என் காதருகே கேட்டார்.

"காசுக்காகவா?"

"ஆமா."

"சொல்லியிருக்கலாம்ல, கிறுக்கி. நானே மடக்காம இருந்திருப்பேனே. வீடு ஒழுகுறது எனக்குத் தெரியாதா?"

பிறகு தன் இடது கையை என் கைமேல் வைத்தார். ஆனைக்கரை வரும்வரை எடுக்கவில்லை.

இந்த வருடம் அதாலத்தில், அந்தச் சமரசக் கோர்ட்டில், இரண்டு தரப்பாரும் கையெழுத்துப் போட்டார்கள். பணம் வந்ததும் வீட்டுக்குக் கூரை மாற்றினோம். மிச்சத்தை ஆபரேஷனுக்கென்று அவர் தொடாமல் வைத்திருக்கிறார். கஞ்சிக்கோட்டு சூப்பர்வைசருக்குப் போன வாரம் போன் செய்து பேசினார். விரல் மடங்கினால் உடனே வந்து சேரச் சொல்லிவிட்டாராம். அன்று முழுக்கப் பாட்டுத்தான்.

அவர் என்னை மன்னித்துவிட்டார், மேடம். ஆனால் அவர் மன்னித்தது நான் செய்யாத குற்றத்தை. பினு சதமானத்தைப் பற்றிப் பேசியபோது என் நினைவுக்குப் பணம் வரவில்லை. வலது கை மடங்காத வெல்டருக்குக் கஞ்சிக்கோட்டில் என்ன வேலை என்பதுதான் வந்தது. வழக்கு இல்லாமல் இருந்திருந்தாலும் கட்டியிருப்பேன். காரணம் சொல்ல வேறொன்றைத் தேடியிருப்பேன், அவ்வளவுதான். அந்தக் கையை முடக்கியது ஜீப் இல்லை, நான். டாக்டரிடம் அப்படியே சொல்லுங்கள். எலும்பில் கோளாறில்லை என்று தெரிந்தால் அவர் தைரியமாகக் கத்தி வைப்பார்.

இப்போது அதெல்லாம் முடிந்துவிட்டது. அவருக்குக் குணமாக வேண்டும் என்று நானும் தினமும் ஜெபிக்கிறேன். பைஸ்டாண்டர் என்ற இடத்தில் என் பெயரையே எழுதிக்கொள்ளுங்கள், அவருக்கு வேறு யார் இருக்கிறார்கள்? ஆபரேஷனுக்குப் பிறகு என்ன பயிற்சி, பட்டை எத்தனை நாள் என்பதையெல்லாம் அவரிடம் சொல்லிக் குழப்ப வேண்டாம். என்னிடம் சொல்லுங்கள். அவருக்குப் புரிகிற மாதிரி நான் எடுத்துச் சொல்கிறேன்.