முதலில் ஸ்டாண்ட்பை

எனக்குக் கிதார் வாசிக்க வராது சார். பிறகு யாராவது சொல்லி நீங்கள் சிரிப்பதைவிட நானே முதலில் சொல்லிவிடுவது மேல். இத்தனை வருடம் முயன்றும், எந்தக் கம்பியைத் தொட்டாலும் தகரத்தில் கல் விழுந்த சத்தம்தான். ஆனால் கிதார் ஒலியைப் பற்றி மணிக்கணக்காகப் பேசுவேன். விசேஷ வீடுகளில் நான் வருவதைப் பார்த்ததும் சொந்தக்காரர்கள் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு வேறு பக்கம் போவார்கள்.

என்னுடையது ஒரு வால்வு ஆம்ப், பழைய ரேடியோவில் இருக்குமே அந்த மாதிரிக் கண்ணாடி வால்வுகளால் கிதார் ஒலியைப் பெருக்கும் பெட்டி. உங்கள் மேசைக்குப் பக்கத்தில் இருக்கிறதே, அதுதான். துணி ஒட்டிய அந்தப் பெட்டியைப் பேஸ் கிதாருக்கென்றே செய்தார்கள். பேஸ்காரர்கள் சீந்தவில்லை. கிதார்காரன் எவனோ ஒலியைக் கடைசிவரை திருகியபோது வால்வுகள் தாங்க முடியாமல் கரகரத்தன. தொண்டை கட்டிய ஒருவர் மனம்விட்டுப் பேசுகிற மாதிரி ஒரு கரகரப்பு. அதிலிருந்து கிதார்காரர்கள் அதை விடவில்லை. வந்த வேலையைச் செய்யாமலே பேர் வாங்கிய பெட்டி என்பதால் எனக்கு அதன்மேல் தனிப் பாசம்.

அதில் வாசித்தவர் என் தங்கையின் கணவர். பாடவும் செய்வார். "மாப்பிள்ளை கை வச்சாலே தேன்" என்பார்கள். தேன் வருவது வால்விலிருந்து என்று நான் பொறுமையாக விளக்குவேன். "சரிங்க, சரிங்க" என்றபடி அவருக்குக் கை கொடுக்கப் போய்விடுவார்கள். எனக்குப் பொறாமை கிடையாது. பொறாமைப்படவும் கொஞ்சமாவது வாசிக்கத் தெரிந்திருக்க வேண்டுமல்லவா?

சிக்கல் ஒயரில் ஆரம்பித்தது. இந்த வகைப் பெட்டிக்கு இரண்டு பின் பிளக்தான், எர்த் கிடையாது. மின்சாரத்துக்கும் உள்ளே இருக்கும் இரும்புச் சட்டத்துக்கும் நடுவே ஒரு சின்னக் கண்டென்சர் உண்டு. அது கெட்டால் சட்டத்தில் கரண்ட், அங்கிருந்து கிதார் கம்பியில் கரண்ட். வாசிப்பவரின் உதடு மைக்கில் பட்டால் கதை முடிந்தது. அதனால் ரிப்பேர் செய்பவர்கள் அதை வெட்டியெறிந்துவிட்டு மூன்று பின் ஒயர் போடுவார்கள். மாப்பிள்ளையும் என்னைக் கேட்காமலே போட்டுவிட்டார். "நான் பாடுறவன் மச்சான். புள்ளைங்க இருக்கு" என்றார். நியாயம்தான்.

பழைய ஆம்ப் சேர்ப்பவர்களின் கண்காட்சி வந்தது. ஒரு ஸ்குரூ மாறியிருந்தாலும் முகம் சுளிக்கிற கூட்டம் அது. எங்கெங்கோ அலைந்து, அந்தக் காலத்துக் கண்டென்சரையும் இரண்டு பின் ஒயரையும் பிடித்துப் பொருத்தினேன். போட்டுப் பார்த்தபோது சட்டத்தைத் தொட்ட விரல் சுரீர் என்றது. கண்டென்சர் கெட்டது என்று தெரிந்தது. ஒலி இனித்தது போலவும் இருந்தது. எனக்கு ஞானக் காது என்று தங்கை கேலி செய்வாள்.

"எல்லாம் அசல்" என்று கண்காட்சியில் முதுகில் தட்டினார்கள். வாழ்க்கையில் எனக்குக் கிடைத்த முதல் பாராட்டு. அன்று சாயங்காலமே மாப்பிள்ளைக்குக் கச்சேரி. ஆம்ப்பை நானே கொண்டுபோய், நானே பிளக்கைச் சொருகினேன். ஒயரை மாற்ற நேரம் இருந்தது. மனம் வரவில்லை.

வாசித்துப் பார்த்தவர் கையை உதறினார். "மச்சான், கம்பி சுள்ளுங்குது. ஒயரை ஏதாச்சும் நோண்டினீங்களா?"

"வேர்வையா இருக்கும் மாப்ளே. பின்னால ஒரு சுவிட்ச் இருக்கு, தட்டிவிடுறேன். சரியாயிடும்."

தட்டினேன். கண்டென்சரைக் கரண்ட் வரும் ஒயரிலிருந்து கரண்ட் இல்லாத ஒயருக்கு மாற்றும் சுவிட்ச் அது. சுள்ளென்பது நின்றது. நம்பித் தலையாட்டினார். ஆனால் ஒலி சற்று மங்கியதாக என் ஞானக் காதுக்குப் பட்டது. கச்சேரி தொடங்கியதும் சுவிட்சைப் பழைய பக்கமே தட்டிவிட்டேன்.

பாட வாயெடுத்தவர் மைக்கோடு அப்படியே நின்றுவிட்டார். கம்பியில் இருந்த சுரம் கரகரத்து நீண்டது. அதையும் வாசிப்பென்று நினைத்துக் கூட்டம் கைதட்டியது. தங்கைக்கு மட்டும் புரிந்துவிட்டது. "அண்ணே, பிளக்கைப் புடுங்குண்ணே" என்று அலறினாள்.

பிளக் என் காலடியில்தான் இருந்தது. ஆனால் சூடான வால்வுகளை அப்படி அணைக்கக் கூடாது சார். முதலில் ஸ்டாண்ட்பை. வால்வுகள் அடங்கும்வரை பொறுக்க வேண்டும். அப்புறம்தான் மெயின். ஸ்டாண்ட்பை ஒலியை மட்டும்தான் நிறுத்தும், சட்டத்தில் ஏறிய கரண்டை நிறுத்தாது. அது எனக்குத் தெரியும். பொறுத்தேன். மெயினை அணைத்தபோது அவர் விழுந்தார். வால்வுகளுக்கு ஒன்றும் ஆகவில்லை.

ஒயரை மாற்ற மறந்துவிட்டேன் என்று முந்தைய வாக்குமூலத்தில் சொன்னது பொய். ஒவ்வொன்றும் தெரிந்துதான் செய்தேன், எழுதிக்கொள்ளுங்கள். தங்கை என் முகத்தில் விழிப்பதில்லை. அது எனக்கு வலிக்கத்தான் செய்கிறது. ஒரே ஒரு விஷயம் மட்டும் விடுபடாமல் சேர்த்துக்கொள்ளுங்கள். அந்தக் கடைசிச் சுரத்தின்போது மாப்பிள்ளையின் கை அசையவே இல்லை.

அந்தக் கைதட்டல் ஆம்ப்புக்குத்தான் சார்.