உருளாத குழாய்

"கலக்குறதுக்கும் குலுக்குறதுக்கும் வித்தியாசம் தெரியுமாம்மா உனக்கு?"

ரத்தப் பரிசோதனை நிலையத்தில் நான் சேர்ந்த அன்று துர்காதேவி அக்கா கேட்டார். தெரியாது என்று தலையசைத்தேன். இப்போது நன்றாகத் தெரியும்.

எங்கள் நிலையம் சின்ன காஞ்சிபுரத்தில் ஒரு மருந்துக்கடைக்கு மேலே இருக்கிறது. ஜன்னலோரம் வார்டெக்ஸ் என்கிற கலக்கும் கருவி இருக்கும். அதன் ரப்பர் கிண்ணத்தில் குழாயின் அடியை அழுத்தினால் உள்ளே இருப்பது சுழித்துக்கொண்டு சுற்றும். பொடியைக் கரைக்க நல்லது. ரத்தத்தை வைத்தால் அணுக்கள் உடைந்துவிடும். அதற்குப் பக்கத்தில் வட்டமாக ஆடும் தட்டு. அட்டையில் விட்ட சொட்டுகள் திரிகின்றனவா என்று அதில் வைத்துப் பார்ப்போம். எனக்குப் பிடித்தது ரோலர். ஊதா மூடிக் குழாய்களை அதன்மேல் படுக்கவைத்தால் மெதுவாகப் புரண்டுகொண்டே இருக்கும். குழாயின் உட்புறம் தடவியிருக்கும் மருந்து ரத்தத்தோடு கலந்தால்தான் ரத்தம் உறையாது. குழாயைப் படுக்கவைப்பது என் வேலை. வகுப்பில் பெயர் கூப்பிட்டால் குரல் வராமல் பள்ளியையே விட்டவள் நான். பேச வேண்டியிராத வேலை அது.

கமலவேணி அம்மா அங்கேதான் அறிமுகமானார். பட்டு நெய்கிறவர். இதயக் குழாயில் ஸ்டென்ட் என்கிற வலை வைத்த பிறகு, ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிட்டுவந்தார். முடிவு வரும்வரை என் மேசைக்கு எதிரே உட்கார்ந்து பேசுவார். நான் பதில் பேசாதது அவருக்கு ஒரு குறையே இல்லை.

"உன் பேச்சைக் கேட்டுக் கேட்டு என் காதே வலிக்குது கண்ணு" என்று சொல்லிச் சிரிப்பார்.

ஒருநாள் ரோலரைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "பாவு நூலுக்குக் கஞ்சி காய்ச்சுறப்போ கிண்டிக்கினே இருக்கணும். விட்டா கட்டி தட்டிடும். இதுவும் அப்படித்தானா?"

தலையாட்டினேன்.

"இந்தத் தடவை நல்லா வந்துச்சுன்னா இனிமே வர வேணாம்னுட்டார் டாக்டர். வாலாஜாபாத்துல மகளாண்ட போயிடுவேன்" என்றார். அவர் மகளைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருக்க, அவர் ரத்தம் இருந்த குழாய் என் கையில் நிமிர்ந்தபடி இருந்தது. கேட்கிற ஆர்வத்தில் அதைப் படுக்கவைக்க மறந்தேன். இதை மட்டும் தவறு என்று ஒப்புக்கொள்கிறேன்.

தட்டணுக்கள் குறைவு என்று முடிவு வந்தது. குழாயிலேயே உண்டான, கண்ணுக்குத் தெரியாத சிறு கட்டிகளில் அவை சிக்கியிருந்தன. ரத்தக் கசிவு வந்துவிடுமோ என்று டாக்டர் மாத்திரையை நிறுத்திவிட்டு, வாரா வாரம் ரத்தம் பார்க்கச் சொன்னார். வாலாஜாபாத் பயணம் தள்ளிப்போனது.

அதன் பிறகு நான் மறக்கவில்லை. வாரா வாரம் அவர் குழாயைக் கையில் நிமிர்த்தியே வைத்திருந்தேன்.

அவர் கணவர் கைலாசம் ஐயாவுக்குச் சந்தேகம் வந்தது. "நல்லாத்தானே இருக்கா. உங்க மெசின்தான் கோளாறா இருக்குதா?"

"மெசின் சொல்றதைத்தான் நாங்க சொல்றோம்பா" என்றார் அக்கா. ஆனால் ஐயா போனதும் என் பக்கம் திரும்பினார். "ரோலர்ல வச்சியா?"

தலையாட்டினேன். நான் வாய் திறந்து ஒரு பொய்கூடச் சொன்னதில்லை.

அடுத்த வாரம் அக்காவே குழாயை என்னிடம் தராமல் நேராக ரோலரில் வைத்தார். என்னைப் பார்த்துக்கொண்டே நின்றார். உள்ளே போன் அடித்தது. அவர் போனதும் ரோலரின் சுவிட்சை அணைத்தேன். செருப்புச் சத்தம் கேட்டதும் போட்டுவிட்டேன். எதிரே கமலவேணி அம்மா மூச்சு வாங்கியபடி உட்கார்ந்திருந்தார். நெஞ்சை ஏதோ பிசைகிறது என்றார். வலை வைத்தவர்களுக்கு மாத்திரை நின்றால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும்; அவரே என்னிடம் சொல்லியிருக்கிறார். அவருக்குத் தண்ணீர் கொடுத்தேன். அன்று நெடுநேரம் பேசினார்.

அடுத்த வாரம் அவர் வரவில்லை. வலைக்குள் ரத்தம் உறைந்து இறந்துவிட்டார் என்று அக்கா சொன்னார். அவர் உடம்புக்கு நான் ஒரு கெடுதலும் செய்யவில்லை. ஊசி குத்தி ரத்தம் எடுத்தது அக்கா, மாத்திரையை நிறுத்தியது டாக்டர்.

காரியம் முடிந்த பிறகு கைலாசம் ஐயா வந்தார். மனைவி உட்காரும் நாற்காலியிலேயே உட்கார்ந்தார். எனக்குச் சந்தோஷமாக இருந்தது. வெகுநேரம் ரோலரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இது நின்னா என்னம்மா ஆவும்?"

அவருக்கு எப்படி விளக்குவது என்று யோசித்தேன். பிறகு முதல்முறையாக அந்த அறையில் சத்தமாகப் பேசினேன். "கிண்டாத கஞ்சி மாதிரி ஆகும்."

அவர் என் முகத்தைப் பார்த்தார். பிறகு என் கையை. அது சுவிட்சின் மேல் இருந்தது.

அடுத்த வாரமும் வருவீர்களா என்று கேட்டேன்.

அவர் எழுந்து, நாற்காலியை மேசைக்கு அடியில் தள்ளிவிட்டு, படியிறங்கிப் போனார்.