ஜட்காக்காரர் மோட்டார் பரீட்சைக்குச் சென்ற கதை

இராயபுரத்தில் டிராமுக்குக் காத்திருந்தபோது, எனக்கு முன்னால் நின்ற இருவரின் உரையாடல் என் செவியில் விழுந்தது. ஒருவர், பஸ் ஓட்டும் உத்தியோகத்தை நம்பித் தம் ஜட்காவையும் குதிரையையும் விற்றுவிட்டு, அன்று காலை லைசென்ஸ் பரீட்சைக்குச் சென்று வந்தவர். மற்றவர் அவருடைய மைத்துனர்.

"காத்து பாத்தேன், தண்ணி ஊத்துனேன், விளக்கு தொடச்சேன். பிரேக்கக்கூட மிதிச்சிப் பாத்துகினுதான் கெளம்பினேன் மச்சான்."

"அப்பறம் இன்னாத்துக்கு பரீட்ச வெச்ச சார்ஜெண்டு எறக்கி வுட்டாரு?"

"குறுக்கால ஒரு எரும வந்துச்சு. ஸ்டீரிங்க ரெண்டு கையாலயும் புடிச்சி மாருக்கு இழுத்து, ஹோ ஹோன்னு கத்தினேன்."

"பிரேக்கு?"

"அது காலாண்ட கீது. குதிரைய கால்லயா நிறுத்துவாங்க?"

"எரும இன்னா ஆச்சு?"

"எரும நின்னுச்சு. வண்டிதான் நிக்கல. சார்ஜெண்டு எட்டி கை பிரேக்க இழுத்தாரு."

"அப்ப லைசென்ச எருமைக்குக் குடுத்திருப்பாரு."

"அடுத்த மாசம் வரச் சொல்லிகீறாரு. அதுவரிக்கும் சோத்துக்கு இன்னா பண்றது?"

"ஒன் குதிரைய வாங்குனவன்கிட்டயே கூலிக்கு ஓட்டு."



"அவனுக்கு வண்டியோட்டத் தெரியாதுன்னு பேட்ட பூரா சொல்லிகினு திரிஞ்சேனே மச்சான்" என்றார் ஜட்காக்காரர்.