சவ்வு இல்லாத கால்

ஆமையை அடையாளம் காண நினைப்பவர்கள் முதலில் அதன் முதுகைப் பார்க்கிறார்கள் ஐயா. அது தவறு. முதுகு அழகாக இருக்கும், ஆளை ஏமாற்றிவிடும். காலைத்தான் பார்க்க வேண்டும். விரல்களுக்கு நடுவே சவ்வு இருந்தால் அது குளத்திலும் ஆற்றிலும் வாழ்வது. விரல்கள் ஒட்டி, கால் தூண் மாதிரி கட்டையாக இருந்தால் நிலத்தில் வாழ்வது. அதைத் தண்ணீரில் போட்டால் செத்துப்போகும். இவ்வளவுதான் விஷயம். இதற்குத்தான் எனக்கு இருபத்தாறு வருஷமாகச் சம்பளம் கொடுத்தார்கள்.

அருங்காட்சியகத்தில் ஊர்வனப் பிரிவில் என் மேசை. கிணறு தூர்வாருகிறவர்கள், லாரி ஓட்டுகிறவர்கள், கடத்தல்காரர்களைப் பிடித்த போலீஸ்காரர்கள் என்று பலரும் வாளியிலும் சாக்கிலும் கொண்டுவந்து வைப்பார்கள். நான் காலை இழுத்துப் பார்ப்பேன், புரட்டி வயிற்றுப் பக்கம் பார்ப்பேன், ஒரு சீட்டு எழுதுவேன். சீட்டில் 'நீர்' என்றிருந்தால் ஏரிக்குப் போகும், 'நிலம்' என்றிருந்தால் காட்டுக்குப் போகும். கொண்டுபோய் விடுகிற ஊழியர் ஆமையைப் பார்ப்பதில்லை, சீட்டைத்தான் பார்ப்பார். ஒரு சீட்டுகூட நான் தவறாக எழுதியதில்லை. பெருமைக்காகச் சொல்லவில்லை. சரி, கொஞ்சம் பெருமைதான்.

எங்கள் மகள் ஒன்பது வயதில் காய்ச்சலில் போய்விட்டாள். அதற்கு முந்தின மாதம்தான் பள்ளிக்கூடத்திலிருந்து வரும் வழியில் ஓர் ஆமையைக் கண்டு, புத்தகப் பையில் போட்டுக்கொண்டு வந்தாள். உள்ளங்கையைவிடச் சற்றுப் பெரியது. அதன் முதுகில் சிவப்பு நகப்பூச்சால் ஒரு பூ வரைந்தாள். நான் அப்போதே காலைப் பார்த்துவிட்டேன். நிலத்தாமை. யாரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

மகள் போன பிறகு என் மனைவி அந்த ஆமையைப் பிடித்துக்கொண்டாள். முதலில் நான் ஒன்றும் நினைக்கவில்லை. என் நெஞ்சும் வெந்துகொண்டுதான் இருந்தது, ஆளுக்கொரு மூலையில் அழுதோம். பிறகு அவள் அழுவதை நிறுத்திவிட்டு ஆமையோடு பேச ஆரம்பித்தாள். கீரையைப் பொடியாக நறுக்கி அதற்கு வைத்த பிறகுதான் எனக்குத் தட்டு வைப்பாள். நான் வேலையிலிருந்து வந்து, "இன்னைக்கு ஆபீஸ்ல என்ன ஆச்சு தெரியுமா" என்று ஆரம்பித்தால், "உஷ், தூங்குது" என்பாள். நாம் பேசுகிற சத்தத்துக்கெல்லாம் ஆமை விழித்துக்கொள்ளாது. அதையும் யாரும் என்னிடம் கேட்கவில்லை.

மூன்றாவது வருஷம் எனக்கு நாலு நாள் காய்ச்சல். ஒரு டம்ளர் வெந்நீர் கேட்டேன். "இருங்க, இதுக்கு வெயில் காட்டிட்டு வந்துடறேன்" என்று போனவள் வரவே இல்லை. நானே சுவரைப் பிடித்துக்கொண்டு போய்ச் சுடவைத்தேன். சமையலறை ஜன்னல் வழியே பார்த்தால், கொல்லைப்புறத்தில் அதை மடியில் வைத்து, அந்தச் சிவப்புப் பூவைத் தடவிக்கொண்டே, "பாப்பா, வெயில் போதுமாடி?" என்று கேட்டுக்கொண்டிருந்தாள். பாப்பா என்றுதான் மகளைக் கூப்பிடுவோம். எனக்கு என் மனைவி திரும்ப வேண்டும் என்று தோன்றியது. அதில் என்ன தவறு இருக்கிறது ஐயா?

ஒரு வாரம் யோசித்தேன். பிறகு ஒருநாள் சாப்பிட்டுக்கொண்டே, "இது குளத்து ஆமை. தரையில வச்சு வதைக்கிறோம் பாவம். இப்படியே இருந்தா ஏங்கியே செத்துடும்" என்றேன்.

அவள் ஆமையைத் தூக்கி அதன் காலைப் பார்த்தாள். "சவ்வு இருக்கும்னு சொல்வீங்களே. இதுக்கு இல்லையேங்க."

என் பேச்சு அவள் காதில் விழுந்திருந்தது என்பதே எனக்கு ஆச்சரியம். "இருந்துச்சு. சிமென்ட் தரையில நடந்து நடந்து தேஞ்சுபோச்சு. தண்ணிக்குப் போனா வளந்துடும்" என்றேன்.

சவ்வு அப்படித் தேயாது. தேய்ந்தாலும் வளராது. இந்தப் பொய்யை என் தொழிலில் இருக்கிறவனால்தான் சொல்ல முடியும். "நீங்க சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்று ஆமையிடம் சொல்வதுபோலச் சொன்னாள்.

ஞாயிற்றுக்கிழமை காலை, வேலை நின்றுபோன கல்குவாரியின் குட்டைக்குப் போனோம். பாறையில் வெட்டிய படிகள் தண்ணீருக்குள் இறங்கும். மார்பளவு ஆழம் வரை படி இருக்கிறது, அதற்கப்புறம் முப்பதடிப் பள்ளம். ஆமை தேடிப் பலமுறை போயிருக்கிறேன், எனக்கு அந்த இடம் தெரியும். அவளுக்குத் தெரியாது. நீச்சலும் தெரியாது.

ஆமைக்கு முத்தம் கொடுத்து, குனிந்து, தண்ணீரில் தள்ளிவிட்டாள். அது கொஞ்ச நேரம் காலை உதறியது. பிறகு ஒரு பக்கமாகச் சாய்ந்து இறங்கியது.

"முழுகுதுங்க."

"அப்படித்தான் போகும். அடியில சுத்திப் பாத்துட்டு மேல வரும்."

கால் மணி நேரம் போனது. "இன்னும் வரலையேங்க" என்றாள். "வரும்" என்றேன். செருப்பைக் கழற்றிப் படியில் ஜோடியாக வைத்துவிட்டுத் தண்ணீரில் இறங்கினாள்.

மதியம் தீயணைப்புக்காரர்கள் வெளியே எடுத்தார்கள். இரண்டு கைகளாலும் ஆமையைப் பிடித்திருந்தாள். அவ்வளவு ஆழத்தில் அது அவளுக்கு எப்படிக் கிடைத்தது என்று எனக்கு இன்னும் புரியவில்லை. நான் அழுதேன் ஐயா. அந்த அழுகை நடிப்பில்லை.

விபத்து என்றுதான் உங்கள் ஏட்டு எழுதிக்கொண்டிருந்தார். எல்லாம் அதோடு முடிந்திருக்கும். கடைசியில் படிவத்தை என்னிடம் நீட்டி, "அந்த ஆமை என்ன வகைன்னு நீங்களே எழுதிடுங்க சார், எங்களுக்கு என்ன தெரியும்" என்றார். 'நிலம்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அவர் அதைப் படித்துவிட்டு, "அப்புறம் ஏன் சார் தண்ணியில விட்டீங்க?" என்று கேட்டார். அதனால்தான் நான் இங்கே உட்கார்ந்திருக்கிறேன். 'நீர்' என்று எழுதித் தொலைத்திருக்கலாமே என்று உங்களுக்குத் தோன்றும். வாயால் சொன்னது வேறு. காகிதத்தில் தவறாக எழுத எனக்குக் கை வரவில்லை.

இறங்கியவளை ஏன் தடுக்கவில்லை என்று மூன்று தடவை கேட்டுவிட்டீர்கள். அதையும் சொல்லிவிடுகிறேன். அதுவரை ஆமை ஒன்றுதான் தொலைய வேண்டும் என்றிருந்தேன். கடைசிப் படியில், மார்பளவு தண்ணீரில் நின்றுகொண்டு அவள் திரும்பினாள். முகமெல்லாம் பயம். "ஏங்க, இதுக்கு மேல ஆழமா?" என்று கேட்டாள்.

எனக்காக ஒரு டம்ளர் வெந்நீர் வைக்காதவள், அதற்காக நீச்சல் தெரியாமல் அவ்வளவு தூரம் போயிருந்தாள்.

"இல்ல, ஒரே மட்டம்தான். போ" என்றேன்.

தலையை ஆட்டிவிட்டு அடுத்த அடியை வைத்தாள்.

கொலை என்றே எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். ஆனால் இதையும் சேர்த்து எழுதுங்கள் ஐயா. மூன்று வருஷம் கழித்து அன்றுதான் என் மனைவி என் முகத்தைப் பார்த்துப் பேசினாள். எனக்கு அது போதும்.