ராஜாவின் கன்னத்தில் கட்டைவிரல்

மருமகளுக்கு,

நீ கேட்டபடி என் வலது கட்டைவிரலை மையில் ஒற்றி, இந்தக் கடிதத்தின் பின்பக்கத்தில் பதித்திருக்கிறேன். முதல் தடவை மை அப்பிக்கொண்டது, இரண்டாவதைப் பார். நீ போனில் கேட்டதைச் சொன்னதும் உன் அத்தை, "என்னவாம், சொத்த எழுதி வாங்கப் போறாளா?" என்று சிரித்தாள்.

பூதக்கண்ணாடியை வைத்துக்கொண்டு கண்ணைக் கெடுத்துக்கொள்ளாதே. இரண்டும் ஒன்றுதான். உன் அப்பாவின் செப்புக்காசில், ராஜாவின் கன்னத்தில் கறுத்துக் கிடப்பது என் விரல். நாணயக் கண்காட்சி மலரில் காசைப் பெரிதாக அச்சடித்ததும், உன் விரல் ரேகை அதோடு ஒத்துவரவில்லை என்று கண்டுபிடித்தாயே, கெட்டிக்காரிதான் நீ.

அந்தக் காசு, தெரிந்தவரை, உலகத்தில் இரண்டே இரண்டு. ஒன்று உன் அப்பாவிடம், அதாவது என் மச்சானிடம், ஒன்று என்னிடம். அசலா போலியா என்று பார்த்துத் தரம் எழுதிக் கொடுப்பது முப்பது வருஷமாக என் பிழைப்பு. மச்சானுக்கோ காசைப் பிடிக்கவே தெரியாது. விளிம்பில் பிடிக்க நான்தான் சொல்லிக்கொடுத்தேன். ஆனால் அவர் காசில் ராஜாவின் இமைமுடி வரை தெரியும். என் காசில் ராஜாவுக்கு மூக்கே மழுங்கிவிட்டது. பார்க்கும்போதெல்லாம், "என்ன மாப்ளே, உங்க ராஜாவுக்கு மூக்கு வளந்துச்சா?" என்பார். நானும் கூடச் சிரிப்பேன். பதினோரு வருஷம் சிரித்தேன். உள்ளே வயிறு எரிந்தது உண்மை.

நான் திருடவில்லை. மாற்றி வைக்கவில்லை. ஒரு கீறல்கூடப் போடவில்லை. மச்சான் காபி எடுக்க உள்ளே போனபோது கையுறையைக் கழற்றினேன். வெயில் காலம், வேர்த்தது. நாலே நாலு விநாடி கட்டைவிரலை வைத்து எடுத்தேன். அன்றைக்கென்று பார்த்து உப்புக்கடலை வேறு தின்றிருந்தேன். எனக்குக் கடலை ஆகாது என்று உனக்கே தெரியும். இருந்தும் பஸ்ஸை விட்டு இறங்கி, கடை தேடி வாங்கித் தின்றேன், கை கழுவவில்லை.

செம்பில் வேர்வையும் உப்புமாக விரல் பட்டால் உடனே ஒன்றும் தெரியாது. ஆறேழு மாசம் கழித்துத்தான் ரேகை ரேகையாகக் கறுத்து மேலே வரும். துடைத்தால் இன்னும் கெடும். இதெல்லாம் என் தொழில்காரர்களுக்குத்தான் தெரியும். அது மேலே வந்தபோது நீ லீவுக்கு வந்திருந்தாய். அது உன் நேரம்.

மச்சான் காசைத் தூக்கிக்கொண்டு என்னிடம் ஓடிவந்தார். கண் கலங்கியிருந்தது. "யாரு தொட்டிருப்பா மாப்ளே? நீங்களே பாத்துச் சொல்லுங்க."

நம்பிக் கேட்கிற மனுஷனை வெறுங்கையோடு அனுப்ப முடியுமா? நன்றாகப் பார்த்துவிட்டு, "பொம்பளப் புள்ள வெரல் மாதிரி இருக்கு மச்சான். பட்டு ஒரு வாரம்தான் இருக்கும்" என்றேன். உன் பேரை நான் எடுக்கவே இல்லை. அந்த வீட்டில் பெண்பிள்ளை என்று நீ ஒருத்திதான் இருந்தாய் என்றால், அதற்கு நான் என்ன செய்ய? நீ சத்தியம் செய்து அழுதாய். காசு போனதைவிட, பெற்ற பெண் முகத்தைப் பார்த்துப் பொய் சொல்கிறாள் என்றுதான் அவர் உடைந்துபோனார். வாசல்படி மிதிக்காதே என்று சொல்லி நாலு வருஷம் ஆகிறது. "சின்னப் பொண்ணு, விட்டுருங்க மச்சான்" என்று உனக்காக இரண்டு தடவை பரிந்து பேசியிருக்கிறேன். இதை யாரும் உன்னிடம் சொல்லியிருக்க மாட்டார்கள்.

அப்பா ஆஸ்பத்திரியில் கிடக்கிறார், கண் மூடுவதற்குள் உண்மை தெரியவேண்டும் என்றாய். நியாயம்தான். நீ வாயால் சொன்னால் நம்பமாட்டார், என் கையெழுத்தைப் பார்த்தால்தான் நம்புவார் என்றாய். அதுவும் சரி. அதற்காகத்தான் எழுதினேன்.

ஆனால் கண்காட்சியில் இந்தத் தடவை என் காசுதான் முதலிடம் என்று எல்லாரும் சொல்கிறார்கள். இந்த நேரத்தில் இந்தக் கடிதம் வெளியே வந்தால் காசை மேஜையிலேயே வைக்க விடமாட்டார்கள். அதனால் கண்காட்சி முடிந்த மறுநாளே தபாலில் போட்டுவிடுகிறேன். இன்னும் பதினெட்டே நாள்.

டாக்டர், ஒரு வாரம் தாங்கினால் பெரிசு என்கிறார். அவர் வேலை பயமுறுத்துவது. நேற்றுப் போய் மச்சானைக் கிட்டத்தில் உட்கார்ந்து பார்த்தேன். பேச்சு இல்லை, மூச்சு கொஞ்சம் இரைக்கிறது, மற்றபடி நல்ல நிலைமையில்தான் இருக்கிறார். இப்படிப் பார்த்துச் சொல்வதில் நான் இதுவரை தவறியதே இல்லை.