ரத்து செய்ய ஒரு காரணம்

— திரும்பவும் கேக்கறேன்மா. உங்க வீட்டுக்காரருக்குக் கிடைச்ச முன்ஜாமீனை ரத்து பண்ணணும். அதுதானே?

— அதேதான் மேடம். இந்த வாரமே முடியுமா?

— நீங்க பாட்டுக்கு ரத்து பண்ணுங்கன்னா ஜட்ஜ் பண்ணிருவாரா? ஒருத்தருக்குக் குடுத்த ஜாமீனைத் திரும்பப் பிடுங்கறது லேசுப்பட்ட காரியமில்ல. காரணம் வேணும்.

— காரணத்தை நீங்கதான் கண்டுபிடிக்கணும். அதுக்குத்தானே வக்கீலுக்குப் படிச்சிருக்கீங்க.

— சரியாப் போச்சு. புகார் குடுத்தது உங்க அண்ணன். அவர் ஏன் வரல?

— அவருக்குக் கால்ல மாவுக்கட்டு பிரிச்சு இப்பதான் நடக்கறாரு. நான் இங்க வந்தது அவருக்குத் தெரியாது, தெரியவும் வேண்டாம். நானும் அந்தக் கேஸ்ல சாட்சிதானே. நான் மனு போடக்கூடாதா?

— போடலாம். உங்களை மிரட்டினார், சாட்சியைக் கலைக்கப் பாத்தார்னா தாராளமாப் போடலாம். மிரட்டினாரா?

— யாரு, இவரா? மேடம், இவரு லிஃப்ட் மெக்கானிக். லிஃப்ட்டுக்குள்ள 'எட்டுப் பேர்'னு எழுதியிருந்தா, நின்னு எண்ணுவாரு. ஒம்போதாவது ஆளை இறக்கி விட்டுட்டுத்தான் பட்டனைத் தொடுவாரு. ஒரு தடவை எண்ணினா, அவரேதான் ஒம்போது. இறங்கி ஆறு மாடி நடந்தாரு. பாவமேன்னு நானும் கூட ஏறினேன்.

— ஆக, மிரட்டல.

— மிரட்டத் தெரிஞ்சிருந்தா எவ்வளவோ நல்லா இருந்திருக்கும்.

— சரி. திங்கக்கிழமை தோறும் காலையில பத்து மணிக்கு ஸ்டேஷன்ல கையெழுத்துப் போடணும்னு உத்தரவு. ஒரு வாரமாவது தவறினாரா?

— இருபத்திரண்டு வாரம் ஆச்சு, ஒண்ணு கூட விடல. ஒம்போதே முக்காலுக்கு வந்து வாசல்ல நிப்பாரு. பத்து அடிச்சப்புறம்தான் உள்ள போவாரு. போன வாரம் காய்ச்சலோட வந்தாரு.

— காய்ச்சல்னு உங்களுக்கு யார் சொன்னது?

— காய்ச்சல்னா ஒரு சட்டைக்கு மேல இன்னொரு சட்டை போட்டுக்குவாரு. ஸ்டேஷனுக்கு எதிர்ல ஜெராக்ஸ் கடை இருக்கு, நான் அங்க நிப்பேன். அதுக்குன்னே வேலையில பாதி நாள் லீவு சொல்லிருவேன். கார்மெண்ட்ஸ்ல காலர் வைக்கறேன். "திங்கக்கிழமையானா மட்டும் உனக்கு எப்படிம்மா வயித்துவலி வருது"ன்னு சூப்பர்வைசர் கேக்கறாரு.

— இருங்க. அங்க உங்களைப் பாத்து அவர் பேசினாரா? பேசியிருந்தா நமக்கு அது போதும். நேர்லயோ, போன்லயோ, ஆள் விட்டோ சாட்சிகளைத் தொடர்பு கொள்ளக் கூடாதுங்கறது நிபந்தனை. மீறினா ஜாமீனுக்கே ஆபத்து.

— நான்தான் பேசினேன். "இந்தாங்க, ஒரே ஒரு வார்த்தை"ன்னு கூப்பிட்டேன். குடையை விரிச்சு என் பக்கமாச் சாய்ச்சுக்கிட்டுப் போயிட்டாரு. பொட்டு மழை இல்ல மேடம்.

— அப்படின்னா மீறப் பாத்தது நீங்க.

— எனக்கு யாரும் நிபந்தனை போடலையே.

— நல்லா இருக்கும்மா நியாயம். ஊரை விட்டு ஓடினாரா? போலீஸ் கூப்பிட்டப்போ போகாம இருந்தாரா? வேற ஏதாவது வம்புல மாட்டினாரா?

— ஓடறதா? மூணு தெரு தள்ளி டயர் கடை மாடியில ரூம் எடுத்திருக்காரு. துவைச்ச சட்டை கொடியில தொங்கும். கீழ்ப் பக்கம் கிளிப் போட்டு, தலைகீழா. அப்படிக் காயப்போட்டா தோள்ல தடம் விழாதுன்னு நான் சொல்லிக் குடுத்தது. இன்னும் அப்படியேதான் போடறாரு.

— மனசைத் தேத்திக்கிட்டுக் கேளுங்க. இன்னொரு வழி இருக்கு. கிடைச்சப்புறம் தப்புப் பண்ணினார்னு சொல்லாம, ஜாமீன் குடுத்ததே தப்பு, முக்கியமான விஷயத்தைக் கோர்ட்டுக்கு மறைச்சு வாங்கிட்டார்னு மேல போகலாம். எதையாவது மறைச்சாரா?

— மறைச்சாரு. வயசு நாப்பத்தொண்ணுன்னு போட்டிருக்காரு. அவருக்கு நாப்பத்திரண்டு.

— மனு போட்டப்போ?

— அப்போ நாப்பத்தொண்ணுதான். போன மாசம்தான் ஒண்ணு கூடிச்சு. பதினாலு வருஷத்துல முதல் தடவையா, நான் பக்கத்துல இல்லாம.

— ஏம்மா, அன்னைக்கு அந்த மாடிப்படியில என்னதான் நடந்தது? முதல்ல அதைச் சொல்லுங்க.

— அண்ணன் எங்க வீட்டோடதான் இருந்தாரு. ஏதோ வாய்ப்பேச்சு. பேச்சு வளந்து, என்னைப் பாத்து, "ஒரு பிள்ளை பெத்துக் குடுக்க வக்கில்லாதவ"ன்னுட்டாரு. இவரு தள்ளிட்டாரு. ஒரே தள்ளு. நாலு படி உருண்டு, அண்ணனுக்குக் கால் முறிஞ்சிருச்சு. அதுக்கு முன்னாடி இவரு யார் மேலயும் கை வெச்சு நான் பாத்ததில்ல.

— போலீஸ்ல நீங்க என்ன சொன்னீங்க?

— "தள்ளினது யாரு"ன்னாங்க. "இவரு"ன்னேன். எதுக்குத் தள்ளினாருன்னு அவங்க கேக்கல. அந்த வார்த்தையை நாலு ஆம்பளைங்க முன்னாடி வாய்விட்டுச் சொல்ல எனக்கு வெக்கமா இருந்துச்சு. பேசாம வந்துட்டேன்.

— அது முக்கியமான விஷயம்மா. விசாரணையில கேப்பாங்க, அப்போ சொல்லுங்க.

— அது எப்போ?

— இன்னும் குற்றப்பத்திரிகையே வரல. மூணு வருஷம் ஆகலாம், நாலும் ஆகலாம்.

— நாலு வருஷம் நான் ஜெராக்ஸ் கடையில நிக்கவா? கோர்ட்டுக்குச் சொல்றது அப்புறம் இருக்கட்டும் மேடம். எனக்கு அதை அவர்கிட்ட சொல்லணும். எனக்காகத்தான் தள்ளினீங்கன்னு எனக்குத் தெரியும்னு சொல்லணும். நான் அண்ணன் பக்கம் சாஞ்சிட்டேன்னு நெனச்சுக்கிட்டிருக்காரு.

— அதுக்கு ஜாமீனை எதுக்கு ரத்து பண்ணணும்? நிபந்தனையைத் தளர்த்தச் சொல்லி அவரே ஒரு மனு போட்டாப் போதுமே.

— போட மாட்டேங்கறாரு. அவரோட வக்கீல் ஆபீசுக்கு நடையா நடந்து பாத்துட்டேன். "சாட்சிக்குத் தொந்தரவு குடுக்க விரும்பல"ன்னு வக்கீல்கிட்ட இவரு சொல்லி அனுப்பினாரு. சாட்சியாம். பதினாலு வருஷம் அவரோட ஒரே தட்டுல சாப்பிட்டவ நான்.

— அப்படின்னா நானே நிபந்தனையை எடுத்துக் குடுத்தாலும், அவரா வராம உங்களால ஒண்ணும் பண்ண முடியாதே.

— அதான் மேடம். அதனாலதான் இங்க வந்தேன். மிரட்டினாத்தான் ரத்தாகும்னா, மிரட்டினாருன்னே எழுதுங்க. கையெழுத்துப் போடறேன்.

— பொய்ப் பிரமாணம் குடுத்தா நீங்க மாட்டிக்குவீங்க. நான் எழுதமாட்டேன். இருந்தாலும் கேக்கறேன், என்னன்னு மிரட்டினாராம்?

— "கதவைத் திற, வந்துட்டேன்"னு.

— அப்புறம்?

— "இனி உன்னை விட்டுட்டு எங்கயும் போகமாட்டேன்"னு.

— இதுவாம்மா மிரட்டல்?

— அஞ்சு மாசமா கண்ணை மூடினா இதுதான் காதுல விழுது. எழுந்து போய்க் கதவைத் திறந்து பாத்துட்டு வந்து படுத்துக்கறேன்.

— உங்களுக்கு அவர் மேல கொஞ்சம் கூடக் கோபம் இல்ல.

— கோபம் இருந்தா வீட்டுலயே இருந்திருப்பேனே. அவரைப் பாக்கணும் மேடம். பாக்காம என்னால முடியல.

— பாக்க ஆசைப்படறவ செய்யற வேலையா இது? ஜாமீன் ரத்தானா அதோட நிபந்தனையும் போயிரும், சரி. ஆனா அன்னைக்கே பிடிச்சு ஜெயில்ல போட்டுருவாங்க. அவரை உள்ள தள்ளிட்டு உங்களுக்கு என்ன கிடைக்கப் போகுது?

— வாரத்துக்குக் கால் மணி நேரம். விசாரிச்சுட்டேன் மேடம், கட்டின பொண்டாட்டின்னு சொன்னா கம்பிக்கு இந்தப் பக்கம் நிக்க விடுவாங்களாம்.